ராணியின் முடி

அந்த மனிதர் தன் பைக்கு சீட் பெல்ட் போட்டார். எனக்குச் சந்தேகம் வந்தது அங்கேதான்.

பேருந்தில் எல்லோருடைய பைகளும் தலைக்கு மேலே இருந்த தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அவருடைய நீலப்பை மட்டும் ஜன்னலோர இருக்கையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. அவர் அதற்குப் பக்கத்தில் மந்திரி மாதிரி ஒடுங்கிக்கொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் பையைப் பிடித்துக்கொண்டார்.

பைக்குள் இருந்தது என்னவோ உருண்டையாக இருந்தது. ஒரு சின்னப் பூசணிக்காய் அளவு.

"அம்மா, அந்தப் பைக்குள்ள என்ன இருக்கும்?"

"உனக்கு எதுக்குடி அது? ஜன்னல்ல வேடிக்கை பாரு."

"ஜன்னல்ல மரம்தான் போகுது. மரத்து மேல எனக்குச் சந்தேகம் இல்லையே."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். என்னோடு பயணம் செய்பவர்கள் அடிக்கடி செய்வது அது.

வீட்டில் என் பெயர் துப்பு. அண்ணன் வைத்தது. துப்பு என்றால் தடயம், துப்பறிகிறவர்களுக்கு வேண்டியது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். "வாய்ல இருக்கிற தண்ணியைத் துப்புன்னு சொல்றோமே, அந்தத் துப்பு" என்பான் அண்ணன். அவனுக்குத் தேர்வு இருந்ததால் இந்தப் பயணத்துக்கு வரவில்லை. கோயிலுக்குக் கிளம்பும் முன்பே கடவுள் எனக்குச் செய்த நன்மை அது.

எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பழைய கோயிலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். பயணத்துக்குத் தலைவர் விசில் மாமா. ஏறுவதற்கு ஒரு விசில், இறங்குவதற்கு ஒரு விசில், யாராவது அதிகமாகச் சிரித்தால் அதற்கும் ஒரு விசில். ஒவ்வொரு இடத்திலும் வண்டி கிளம்பும் முன் எல்லோர் தலையையும் விரலால் எண்ணுவார்.

"வண்டியில நொறுக்குத் தீனி கூடாது!" என்பது அவர் போட்ட முதல் சட்டம். ஆனால் எல்லோரும் தூங்கும்போது அவருடைய கறுப்புப் பைக்குள்ளிருந்து பிஸ்கட் உறை சரசரக்கும். நான் தூங்குவதில்லை. துப்பறிகிறவர்களுக்கு ஏது தூக்கம்?

எனக்குப் பின்சீட்டில் பின்சீட்டு அத்தை. நேற்று நாங்கள் தங்கிய விடுதிக்குள் நுழைந்தபோது அவருடைய பை ஒல்லியாக இருந்தது. இன்று காலையில் வெளியே வந்தபோது இரண்டு சுற்று பெருத்திருந்தது. வாய்ப்பகுதியில் வெள்ளைத் துண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. அதன் ஓரத்தில் விடுதியின் பெயர்.

ஆக, என் பட்டியலில் மூன்று பைகள். ஆனால் மாமாவையும் அத்தையையும் எனக்குத் தெரியும். நீலப்பைக்காரரை யாருக்கும் தெரியாது. கடைசி நேரத்தில் ஒருவர் வர முடியாமல் போக, அந்த இடத்தில் ஏறிக்கொண்டவர். யாரோடும் பேசவில்லை. மெலிந்த முகம், சுத்தமாகச் சவரம் செய்த தாடை, பக்கத்தில் போனால் லேசாகப் பவுடர் வாசனை.

சந்தேகப்படுவதற்கு வேறென்ன வேண்டும்?

*

கோயில் பெரியது. எங்கள் பள்ளிக்கூடத்தை நாலு தடவை உள்ளே வைத்துவிட்டு, நடுவில் விளையாடவும் இடம் விடலாம்.

மண்டபத்தில் தூண் தூணாகச் சிலைகள். ஒரு குரங்கு ஒரு மனிதனின் காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. குள்ளன் ஒருவன் கூரையைத் தோளில் தாங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பெட்டிகளைப் பேருந்து மேல் ஏற்றும்போது விசில் மாமாவின் முகம் அப்படியேதான் இருக்கும். ஒரு கிளியின் இறக்கையில் இறகு இறகாகக் கோடு. கல்லில் நகம்கூடச் செதுக்கியிருந்தார்கள்.

"பாத்தாச்சா? பாத்தாச்சு! நடங்க, நடங்க! சாமி வரிசை நீளமா இருக்கு!" மாமா விசில் ஊதினார்.

நம் ஆட்கள் தூண்களைப் பேருந்து நிறுத்தங்களைப் போலக் கடந்து போனார்கள். சாமி கும்பிட்டு வெளியே வந்தபோது நான் தலைகளை எண்ணினேன். மாமாவிடம் கற்ற பழக்கம். ஒரு தலை குறைந்தது.

நீலப்பைக்காரர் வரிசைக்கே வந்திருக்கவில்லை!

அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் மெல்ல மண்டபத்துக்குத் திரும்பினேன்.

மூலைச் சுவரில் ஒரு ராணியின் சிலை. ஆள் உயரம் இருக்கும். அதற்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு சின்னக் கைக்கண்ணாடியைச் சிலையின் தலைக்குப் பின்னால் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. சிலைக்கும் சுவருக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். விரலும் போகவில்லை. பெருமூச்சு விட்டார்.

நான் எதிரே இருந்த தூணின் பின்னால், அதன் அடிப்பாகத்தோடு ஒட்டிக் குந்தினேன். என் மூக்குக்கு நேரே, தூணின் அடியில் செதுக்கிய ஒரு கல் பெண் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மற்ற சிலைகள் எல்லாம் சிரித்த முகத்தோடு இருக்க, எனக்கு வாய்த்தவள் இவள்தான். கல்கூட என்னை மதிப்பதில்லை.

நீலப்பைக்காரர் போனை எடுத்துத் தணிந்த குரலில் பேசினார்.

"பாத்துட்டேன்மா... ஆமா, ராணியோட முடிதான். அதேதான்... முன்பக்கம் எல்லாம் எடுத்துட்டேன். பின்பக்கம்தான் எடுக்க வரல. சுவரோட ஒட்டிக்கிட்டு இருக்கு... இல்லம்மா, யாருக்கும் தெரியாது. தலை பைக்குள்ளதான் இருக்கு. நான் கீழயே வைக்கல."

தூணின் பின்னால் இன்னும் ஒடுங்கினேன்.

ராணியின் முடி! எடுத்துவிட்டார்! தலை பைக்குள்!

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போன தேர்வில் 'முடியாட்சி என்றால் என்ன?' என்று ஒரு கேள்வி வந்தது. 'முடிவெட்டுகிறவர் செய்யும் ஆட்சி' என்று எழுதினேன். டீச்சர் அதை வகுப்பில் சத்தமாகப் படித்தார். மணி அடித்த பிறகும் யாரும் சிரிப்பை நிறுத்தவில்லை. "முடின்னா கிரீடம்! கிரீடம்! கிரீடம்!" என்று டீச்சர் மேசையைத் தட்டினார். அன்றிலிருந்து யார் 'முடி' என்றாலும் என் காதில் கிரீடம்தான் விழும். சீப்புக் கடைக்காரர் சொன்னாலும் சரி.

அவர் ராணியின் கிரீடத்தைத் திருடிவிட்டார். ஏற்கெனவே எந்தச் சிலையின் தலையையோ பையில் வைத்திருக்கிறார்!

ஓடினேன்.

*

அம்மாவின் காதில் சொன்னேன். அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் அத்தையின் காது இருந்தது. செருப்பு போட்டு முடிப்பதற்குள் செய்தி எல்லோருக்கும் போய்விட்டது.

கோயிலுக்கு வெளியே மர நிழலில் சாப்பிட உட்கார்ந்தோம். நீலப்பைக்காரர் வந்து ஓரமாக உட்கார்ந்தார். அவருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் இன்னும் இந்தப் பக்கம் நகர்ந்தார்கள். அந்தப் பக்கம் இருந்தவர்கள் அந்தப் பக்கம். நடுவில் அவரும் பையும் ஒரு தீவு மாதிரி ஆகிவிட்டார்கள்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் அத்தை. "மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. இவ்வளவு சுத்தமா யாராவது ஷேவ் பண்ணுவாங்களா?"

"சத்தம் போடாதீங்க" என்றார் விசில் மாமா ரகசியமாக. மாமாவின் ரகசியம் அடுத்த தெருவரை கேட்கும். "சாப்பிட்டு முடிக்கட்டும். நான் போய் வாசல்ல இருக்கிற காவலரைக் கூட்டிட்டு வரேன். எல்லார் முன்னாடியும் பையைத் திறக்கச் சொல்லுவோம். அப்புறம் அவரை இங்கயே விட்டுட்டு நாம கிளம்பிடலாம்."

நீலப்பைக்காரர் பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பார். சுற்றிப் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்க்காமல் இருப்பதில் மும்முரமாக இருந்தார்கள். பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு திரும்பவும் மண்டபத்துக்குள் போனார்.

"பாத்தியா! மிச்சத்தையும் எடுக்கப் போறான்!" என்றார் அத்தை.

எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. ஒரு திருடர் சாப்பாட்டை அப்படியா மடித்து வைப்பார்? தூங்கும் குழந்தைக்குச் சட்டை மாட்டுவது போல, அவ்வளவு மெதுவாக?

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று மண்டையில் இடித்தது. நான் கிரீடம் திருட்டுப் போனதாக ஊரைக் கூட்டியிருக்கிறேன். ஆனால் கிரீடம் இருந்த இடத்தைப் பார்த்தேனா? துப்பறிகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியதை நான் கடைசியில்கூடப் பார்க்கவில்லை.

மாமா காவலரைத் தேடிப் போனார். நான் மண்டபத்துக்கு ஓடினேன்.

*

ராணி அப்படியே நின்றாள். மூக்கு இருந்தது. காது இருந்தது. காதில் தோடு இருந்தது. தலையில் கிரீடம்...

தலையில் கிரீடமே கிடையாது. உடைத்த தடமும் இல்லை. எந்தக் காலத்திலும் அங்கே கிரீடம் இருந்ததில்லை. கிரீடத்தைப் போலவே உயரமாக, அடுக்கடுக்காகச் சுற்றிக் கட்டிய ஒரு பெரிய கொண்டைதான் இருந்தது. ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது.

முடி.

முடி என்றால் முடி!

நான் அங்கேயே உருகி ஓடிக் கல்லிடுக்கில் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்ன பாப்பா, நீயும் ராணியைப் பாக்க வந்தியா?"

நீலப்பைக்காரர் கீழே உட்கார்ந்திருந்தார். பை அவர் மடியில்.

"அங்கிள்... ராணியோட முடின்னு போன்ல சொன்னீங்களே. அது இந்தக் கொண்டையா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "கேட்டுட்டியா? ஐயோ. பெரியவங்க யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு மக சத்தியம் வாங்கியிருக்காளே." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பெரியவளா?"

"வீட்டு வேலை சொல்றப்ப மட்டும்."

"அப்ப சரி" என்று சிரித்தார். முதல் தடவையாக.

பையின் வாயை விரித்துக் காட்டினார். உள்ளே ஒரு தலை. கடைகளில் தொப்பி மாட்டி வைப்பார்களே, அந்த மாதிரி மரத்தலை. அதன் மேல் நீளமான கறுப்பு முடியில் ஒரு விக். முன்பக்கம் அச்சு அசல் ராணியின் கொண்டை. பின்பக்கம் மட்டும் அவிழ்ந்து, காற்றில் சிக்கிய நூல்கண்டு மாதிரி தொங்கியது.

"என் மகளுக்கு ரொம்ப நாளா உடம்பு சரியில்ல. பெரிய வைத்தியம். முடி எல்லாம் கொட்டிடுச்சு. இப்ப நல்லாயிட்டா, பள்ளிக்கூடம் போறா. முடிதான் இன்னும் வரல. நாடகத்துல ராணி வேஷம் கொடுத்திருக்காங்க. இந்தச் சிலையோட படத்தைப் பாத்துட்டு, இதே மாதிரி கொண்டை இருந்தாத்தான் மேடை ஏறுவேன்னு சொல்லிட்டா."

"அதான் அழகா வந்திருக்கே!"

"முன்னாடி வந்திருக்கு. நாடகத்துல ராணி ராஜாகிட்ட கோவிச்சுக்கிட்டுத் திரும்பி நடக்கணும். அப்ப எல்லாரும் பின்பக்கத்தைத்தானே பாப்பாங்க? படத்துல பின்பக்கம் இல்ல. நேர்ல பாத்துடலாம்னு வந்தேன். இங்க பாத்தா, படம் எடுக்கக்கூட வராத மாதிரி சுவத்தோட ஒட்டி வச்சிருக்கான்." விக்கைத் தடவிக்கொடுத்தார். "நான் சலூன் வச்சிருக்கேன் பாப்பா. எனக்கு வெட்டத்தான் வரும். பின்ன வராது. நானா எதையாவது கட்டினா, அவ கண்ணாடில பாத்துட்டு 'வேணாம்பா, நான் நடிக்கலை'ன்னு சொல்லிடுவா. அவ்வளவுதான்."

பவுடர் வாசனை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இப்போது புரிந்தது. பரீட்சையில் நான் எழுதிய பதிலும் முழுத்தப்பு இல்லை போலிருக்கிறது. இங்கே ஒரு ராணியின் முடி, முடிவெட்டுகிறவரின் கையில்தான் இருந்தது.

பின்பக்கம். பின்பக்கம்...

"அங்கிள்! எந்திரிங்க! இல்ல, எந்திரிக்காதீங்க, குந்துங்க! இங்க வாங்க!"

எதிர்த்தூணின் அடிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். ஒளிந்து உளவு பார்ப்பவர் மட்டுமே குந்தக்கூடிய இடம் அது. அங்கே அவள் நின்றாள், எனக்கு முதுகைக் காட்டிய கல் பெண். அதே அடுக்குக் கொண்டை. அதன் பின்பக்கம் முழுசாக, இழை இழையாக!

அவர் கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஆனா இது எப்படிப் போகுதுன்னு புரியலையே பாப்பா..."

"எனக்குப் புரியுது. இது மூணு கால் பின்னல். தினமும் நான் எனக்கே பின்னிக்கிறேன். இங்க பாருங்க, ரெண்டு பின்னல். இது இப்படிக் குறுக்க வருது, அது அப்படி. ரெண்டையும் மேல சுருட்டி, நுனியை உள்ள செருகிட்டாங்க. அவ்வளவுதான்!"

அவர் மரத்தலையைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னினேன். ஒரு பின்னல் கோணலாக வந்தது. அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன். கொண்டை ஊசி குத்த வேண்டிய இடங்களை அவர் காட்டினார். அதில் அவர் கெட்டிக்காரர். கடைசி நுனியைச் செருகியதும் இரண்டு பேரும் கல் பெண்ணைப் பார்த்தோம், விக்கைப் பார்த்தோம், மறுபடி கல் பெண்ணைப் பார்த்தோம்.

அப்போது வெளியே விசில் கேட்டது. நீளமான, கோபமான விசில்.

அவர் சட்டென்று மரத்தலையைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

*

விசில் மாமா முன்னால். காவலர் பின்னால். அவர்களுக்குப் பின்னால் எங்கள் தெரு முழுக்க.

"அந்தப் பையைத் திறங்க!" என்றார் மாமா.

நீலப்பைக்காரர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மகளுக்குச் செய்த சத்தியம்.

"பாத்தீங்களா, வாயே திறக்கல!" என்றார் அத்தை.

நான் நடுவில் போய் நின்றேன்.

"மாமா, தப்பு என்மேல. அவர் முடின்னு சொன்னதை நான் கிரீடம்னு நினைச்சுட்டேன். ராணிக்குக் கிரீடமே கிடையாது. நீங்களே பாருங்க. எது காணோம்னு சொல்லுங்க."

எல்லோரும் ராணியைப் பார்த்தார்கள். காலையில் நிற்காமல் கடந்து போனவர்கள் இப்போது கிட்டே போய், எட்டிப் பார்த்து, குனிந்து பார்த்தார்கள்.

"அடேயப்பா, நகம்கூடச் செஞ்சிருக்கான்" என்றார் ஒருவர்.

"இந்தத் தோடு மாதிரி எனக்கும் ஒண்ணு செய்யணும்" என்றார் அம்மா.

காவலர் மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "எல்லாம் சரியா இருக்குங்க. எதுவும் போகல."

"அப்ப பைக்குள்ள உருண்டையா இருக்கிறது என்ன?" அத்தை விடவில்லை. "மடியில கனமில்லன்னா திறந்து காட்ட வேண்டியதுதானே?"

"திறக்கலாம் அத்தை" என்றேன். "ஆனா ஒருத்தர் பையை மட்டும் திறந்தா அது நல்லா இருக்காது. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்னு மாமாவே சொல்லியிருக்காரு. எல்லாரும் வரிசையா நின்னு திறப்போம். முதல்ல தலைவர். மாமா, உங்க கறுப்புப் பை. அடுத்து அத்தை."

மண்டபத்தில் ஒரு வௌவால் சிறகடித்த சத்தம் கேட்டது.

விசில் மாமாவின் கை தானாகக் கறுப்புப் பையின் மேல் போனது. உள்ளே லேசாகச் சரசரத்தது. அத்தை தன் பையிலிருந்து எட்டிப் பார்த்த வெள்ளைத் துண்டை அவசரமாக உள்ளே தள்ளினார்.

மாமா விசிலை எடுத்து ஊதினார். "நேரமாச்சு! வண்டி கிளம்புது! என்ன வேடிக்கை? பை, பைன்னு... அவங்கவங்க பை அவங்கவங்களுக்கு! நடங்க, நடங்க!"

எல்லோரையும்விட வேகமாக நடந்தவர் அத்தைதான்.

*

பேருந்தில் நீலப்பை மறுபடி சீட் பெல்ட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் விசில் மாமா எழுந்து வந்தார். கனைத்தார். நீலப்பைக்காரரிடம் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார்.

"மத்தியானம் நீங்க சரியா சாப்பிடல. மனசுல வச்சுக்காதீங்க."

அந்தப் பொட்டலம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நீலப்பைக்காரர் இரண்டை எடுத்துக்கொண்டு மீதியை எனக்குக் கொடுத்தார்.

பின்னாலிருந்து அத்தை என் காதருகே குனிந்தார். "ஏண்டி, உனக்கு மட்டும் தெரியுமில்ல? அந்தப் பையில என்னதான் இருக்கு?"

"உங்க பையில இருக்கிறதுகூட எனக்குத் தெரியும் அத்தை. அதையும்தான் நான் யார்கிட்டயும் சொல்லல."

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். வழியில், நேற்று தங்கிய அதே விடுதியின் வாசலில் தேநீருக்காக வண்டி நின்றது. அத்தை தேநீர் குடிக்கவில்லை. பையோடு உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது பை பழையபடி ஒல்லியாக இருந்தது.

நீலப்பைக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "பின்பக்கமும் கிடைச்சுடுச்சும்மா... ஆமா, அப்படியே!" எதிர்முனையில் யாரோ கத்தினார்கள். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். எனக்குக்கூடக் கேட்டது. அது சந்தோஷக் கத்தல்.

விசில் மாமா முன்னால் வந்து நின்று, விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினார். முடித்ததும் திருப்தியோடு கையைத் தட்டினார்.

"எல்லாத் தலையும் வந்தாச்சு! போகலாம், ரைட்!"

நீலப்பைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மாமாவின் கணக்கில் ஒரு தலை விட்டுப்போயிருந்தது. அதை நாங்கள் திருத்தவில்லை.